நான் வாசல்

முதல் நாளே ஹிலரி சொல்லிவிட்டாள்:
பெயர் கேட்கலாம், பிறந்த தேதி கேட்கலாம்,
கடனா வாடகையா உதவித்தொகையா என்று கேட்டு
படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்பலாம்.
ஆலோசனை மட்டும் சொல்லக் கூடாது.
அதற்குப் பயிற்சி பெற்றவர்கள் உள்ளே இருக்கிறார்கள்.
நீ வாசல்.

சரி, வாசல்.
கிரிம்ஸ்பியில், பழைய செருப்புக் கடை இருந்த இடத்தில்
செவ்வாயும் வெள்ளியும் ஒன்பதரைக்குத் திறக்கும் வாசல்.
ஒன்பதுக்கே வெளியே பத்துப் பேர்,
கடற்காற்றுக்கு முதுகைக் கொடுத்தபடி.
முப்பத்தொரு வருடம் மீன் ஆலையில்
சம்பளச் சீட்டு அடித்தவள் நான்.
இந்த ஊரில் பாதிப் பேர் வாங்கிய கூலி எனக்கு மனப்பாடம்.
இப்போது அவர்கள் கடனைக் கேட்டுக்கொள்கிறேன்,
முன்பின் தெரியாதவள் போல.
சட்டையில் குத்தியிருக்கும் பெயர் பெரில்,
எனக்கு முன் இருந்தவளுடையது.
கூப்பிட்டால் திரும்புகிறேன்.

கண்ணாடிக்கு அடியில் ஒரு பிளவு,
குரல் நுழையும் அளவுக்கு.
எல்லோரும் அதற்காகக் குனிகிறார்கள்.
குனிந்து பேசினால் எந்தக் குரலும்
மன்னிப்புக் கேட்பது போலத்தான் இருக்கிறது.
மூன்றாம் வாரம் கதவைத் திறந்துகொண்டு
வெளியே வந்து நின்றேன்.
ஹிலரி பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

பேனாவைக் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறோம்.
அப்படியும் போய்விடுகிறது.

நாளைக்குப் பதினான்கு இடம்.
பதினைந்தாவது ஆளிடம்
இன்று இடமில்லை என்பதுதான் உண்மையில் என் வேலை.
எத்தனை விதமாகவோ சொல்லிப் பார்த்துவிட்டேன்.
சிரித்துக்கொண்டு சொன்னால் கேலி.
சிரிக்காமல் சொன்னால் அரசாங்கம்.
தேநீர் கொடுத்துவிட்டுச் சொன்னால்
கோப்பை காலியாகும்வரை நம்புகிறார்கள்,
அது இன்னும் பாவம்.

போன வெள்ளி ரிமான்டாஸ் வந்தான்.
மீன் வெட்டும் கை, விரலெல்லாம் நீல பிளாஸ்டர்.
கடைப் பையில் கடிதங்கள், ஜனவரியிலிருந்து.
மேலே கிடந்த ஒன்றை மட்டும் பிரித்திருந்தான்.
உறையைக் கிழிக்காவிட்டால்
உள்ளே இருப்பது நடக்காது என்பது ஒரு கணக்கு.
க்ளிஃப் இறந்த வருடம் எனக்கும் அதே கணக்குத்தான்.
அதை அவனிடம் சொல்லவில்லை.
அன்றைக்கு அவன் இருபத்திரண்டாவது ஆள்.

வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்கு,
திங்கள் காலை பத்து மணி.
எட்டு மாதம் இங்கே நின்றால்
சுவருக்குக்கூடக் கொஞ்சம் சட்டம் தெரியும்.
போகாமல் மட்டும் இருந்துவிடாதே,
வாய்தாவுக்குப் போகாதவன் பாதி தோற்றவன்,
அங்கேயே ஒரு வக்கீல் இருப்பார், காசு கேட்கமாட்டார்
என்பதெல்லாம் நாக்கு நுனிவரை வந்து நின்றது.
உள்ளே பிரிண்டர் இருமிக்கொண்டிருந்தது.

கேட்கலாம் என்றுதானே விதி.
கேட்டேன்.
திங்கள் பத்து மணிக்கு வேறு வேலை ஏதும் உண்டா உனக்கு?
இல்லை என்றான்.
நீதிமன்றத்துக்கு எந்த பஸ் என்று தெரியுமா?
தலையசைத்தான்.
உள்ளே நுழைந்ததும்
'இன்றைய இலவச வக்கீல் யார்' என்று விசாரிக்க
உன் ஆங்கிலம் போதுமா?

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான்.
வரிசையில் யாரோ செருமினார்கள்.
பிறகு அந்தக் கேள்வியை
உதட்டுக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்து,
பேனாவை இழுத்து
கட்டைவிரல் பிளாஸ்டரில் பத்து என்று எழுதிக்கொண்டான்.

பதிவேட்டில் என் கையெழுத்து:
ரிமான்டாஸ், வாடகை, இடமில்லை, திருப்பி அனுப்பப்பட்டார்.

செவ்வாய் அவன் வரவில்லை. இன்றும் இல்லை.
வராததற்கு நல்ல காரணமும் இருக்கும், கெட்டதும் இருக்கும்.
முடிவை யாரும் வாசலில் வந்து சொல்வதில்லை.

கயிறு மட்டும் தொங்குகிறது.
இன்னொரு பேனாவைக் கட்டினேன்,
முடிச்சைக் கொஞ்சம் தளர்வாக.